கரையிலேந்து கடல் மீன் பிடிக்க: முதல்ல தண்ணியைப் பாருங்க, அப்புறம் தூண்டிலைத் தொடுங்க

கடல்ல தூண்டில் போட ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குறது எந்த ராடு வாங்கணும், எந்த லூர் (மீன் மாதிரி செஞ்ச போலி இரை) போட்டா மீன் அடிக்கும்னுதான். அது ரெண்டாவது கேள்விங்க. முதல் கேள்வி தண்ணி ஓடுதா, எந்தப் பக்கம் ஓடுது, எங்க போய் முட்டுது, எங்க பிரியுது, அவ்வளவுதான். இது தெரிஞ்ச ஆள் வெறும் கைநரம்பும் (தூண்டில் நூலைத்தான் நரம்புன்னு சொல்றேன்) ஒரு ஈயக்குண்டும் வச்சுக்கிட்டே மீன் ஏத்திடுவார், தெரியாத ஆள் எவ்வளவு பெரிய ரீல் வச்சிருந்தாலும் உப்புக்காத்துல அது துரு பிடிக்கிறதைத்தான் பாத்துட்டு நிக்கணும்.

நான் சொல்லப்போறது வெதுவெதுப்பான கடல் கரையைப் பத்தி, அதாவது கடகரேகை மகரரேகையைத் தாண்டி கொஞ்சம் வெளிய இருக்கிற கரைங்க, குளிர்காலத்துல தண்ணி 18, 20 டிகிரி வரைக்கும் இறங்கும், கோடையில 28, 30 வரைக்கும் ஏறும். இந்த மாதிரி கரைக்கு ஒரு குணம் உண்டு, மீன் வகை ஏராளம், ஆனா சீசனுக்கு சீசன் ஆள் மாறிக்கிட்டே இருக்கும், போன மாசம் பாறை மீன் அடிச்ச இடத்துல இந்த மாசம் கெளுத்தி மட்டும்தான் ஏறும். அதனால இடத்தை மனப்பாடம் பண்றதை விட தண்ணியைப் படிக்கக் கத்துக்கிறதுதான் காலத்துக்கும் உதவும்.

ஏத்தமும் வத்தமும்

கடல் தண்ணி ஏறுறது ஏத்தம், இறங்குறது வத்தம். பெரும்பாலான கரையில நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கும். மெக்சிகோ வளைகுடாவோட வடகரை மாதிரி சில இடத்துல நாளைக்கு ஒரே ஒரு ஏத்தம்தான் வரும், உங்க கரை எப்படின்னு டைட் டேபிளை (ஏத்த வத்த நேரப் பட்டியல்) ஒரு வாரத்துக்கு எடுத்துப் பாத்தாலே புரிஞ்சிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின ரெண்டு மூணு நாள் தண்ணி ரொம்ப ஏறி ரொம்ப இறங்கும், ஓட்டமும் வேகமா இருக்கும். அஷ்டமி பக்கம் வித்தியாசம் கம்மி, ஓட்டம் சோம்பலா இருக்கும்.

டேபிள்ல ஏத்தம் 6 மணிக்குன்னு போட்டிருந்தா அந்த 6 மணியைப் பிடிச்சுக்கிட்டு உக்காராதீங்க. உச்சத்துல தண்ணி நின்னுடும், நின்ன தண்ணில மீன் வாயைத் திறக்கவே யோசிக்கும். தண்ணி சமமா ஏறாது, ஆறு மணி நேர ஏத்தத்தை 12 பங்கா வச்சா முதல் மணி நேரத்துல 1 பங்கு, அடுத்ததுல 2, அப்புறம் 3, 3, பிறகு 2, கடைசியில 1. அதாவது நடு ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாதி தண்ணி வந்து சேந்துடுது. இது கணக்குக்கு எளிசா வச்ச மேலோட்டமான விதிதான், ஆனா எப்போ ஈயம் நிக்காது, எப்போ நிக்கும்னு முன்கூட்டியே சொல்லிடும்.

எப்போ போகணும்னு கேட்டா மணல் கரைக்கு ஏத்தத்தோட கடைசி ரெண்டு மணி நேரமும் இறக்கம் தொடங்கி ரெண்டு மணி நேரமும்னு சொல்வேன், ஏன்னா அப்பதான் கரையோரப் பள்ளத்துல மீன் புகுந்து மேயுற அளவுக்கு ஆழம் இருக்கும். முகத்துவாரத்துக்கு இது பொருந்தாது, அதைத் தனியா சொல்றேன். இந்த நேரம் விடியலோடயோ பொழுது சாயுறதோடயோ ஒண்ணா விழுந்தா வேற வேலை இருந்தாலும் தள்ளி வச்சிட்டுப் போங்க.

இன்னொண்ணு, சில கரையில ஏத்த வத்த வித்தியாசமே அரை மீட்டர்தான் இருக்கும், அங்கெல்லாம் டேபிளை விட காத்துதான் முதலாளி. காத்து ரெண்டு நாள் கரையைப் பாத்து அடிச்சா தண்ணி ஏறி நிக்கும், கரையிலேந்து கடலைப் பாத்து அடிச்சா டேபிள்ல ஏத்தம்னு போட்ட நேரத்துல கூட சேறு தெரியும். காத்தழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (வானிலை ஆப்ல hPa-ன்னு போட்டிருக்கும்) குறைஞ்சா கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும், அதனால தாழ்வழுத்தம் பக்கத்துல இருக்கிறப்போ டேபிள்ல இருக்கிறதை விட தண்ணி கூடவே இருக்கும்.

காத்தும் அலையும்

விண்டி மாதிரி ஏதாவது ஒரு வானிலை ஆப்பைத் திறந்தா அலை உயரம் 1 மீட்டர்னு காட்டும், எல்லாரும் அதை மட்டும் பாத்துட்டு கிளம்பிடுவாங்க. அதுக்குப் பக்கத்துலயே செகண்டு கணக்குல இன்னொரு நம்பர் இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, அதைப் பாருங்க. 1 மீட்டர், 6 செகண்டுன்னா பக்கத்துக் காத்து கிளப்பின சில்லறை அலை. அதே 1 மீட்டர் 14 செகண்டுன்னா எங்கயோ தூரத்துப் புயல் அனுப்பினது, கரைகிட்ட வந்ததும் ரெண்டு மடங்கா எழும்பி அடிக்கும், பாறை மேல நிக்கிறவங்களுக்கு அதுதான் ஆபத்து. வானம் நீலமா காத்தே இல்லாத நாள்லயும் இது வரும், அதனாலதான் ஏமாந்துடுறாங்க.

கரையைப் பாத்து அடிக்கிற மெல்லிசு காத்து மணல் கரைக்கு நல்லது. மணலைக் கிளறி புழு, நண்டு, சிப்பி எல்லாத்தையும் வெளிய கொண்டுவரும், நுரைக்குள்ள மீனுக்கும் பயம் இருக்காது, உங்க நரம்பும் கண்ணுக்குத் தெரியாது. அதுவே பலமா மூணு நாள் அடிச்சா தண்ணி காப்பி நிறமாயிடும், கடல்பாசி நரம்புல சுத்தி வந்துக்கிட்டே இருக்கும், அன்னிக்கு வீட்ல இருக்கிறது மேல். அடிச்சு ஓய்ஞ்ச மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் இருக்கே, தண்ணி பச்சையா தெளிய ஆரம்பிக்கிற அந்த நேரம், அதை விடவே கூடாது.

நடுக்கோடையில திடீர்னு தண்ணியில காலை வச்சா சில்லுனு இருக்கும், நேத்து வரைக்கும் வெந்நீர் மாதிரி இருந்ததுன்னு ஆச்சரியப்படுவீங்க. கரையோட நீளவாக்குல காத்து தொடர்ந்து அடிச்சா மேல் தண்ணி கடல் பக்கம் தள்ளப்பட்டு அடியிலேந்து குளிர்ந்த தண்ணி மேல வரும். வட அரைக்கோளத்துல காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு கரை உங்க இடப்பக்கம் இருந்தா இது நடக்கும், தென் அரைக்கோளத்துல கரை வலப்பக்கம் இருக்கணும். அந்த நாள்ல வெது தண்ணி மீனெல்லாம் வாயை மூடிக்கும், முகத்துவாரத்துக்கு உள்ள போங்க, அங்க தண்ணி இன்னும் சூடா இருக்கும்.

மணல் கரையைப் படிக்கிறது

வந்து இறங்கின உடனே ராடைப் பிரிக்காதீங்க. மேடான இடமா பாத்து பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, தண்ணி மேல பளபளக்கிற கூச்சத்தைக் குறைக்கிற போலரைஸ்டு கண்ணாடி இருந்தா போட்டுக்கங்க. ஒரே ஒரு அலையைப் பிடிச்சு அதை மட்டும் கண்ணால தொடர்ந்து வாங்க. வெளிய எழும்பி வெள்ளையா உடையும், கொஞ்ச தூரம் நுரையோட ஓடி வரும், திடீர்னு நுரை அடங்கி அலை மழுங்கிடும், அப்புறம் கரைக்கு ஒட்டி வந்து மறுபடி எழும்பி உடையும். முதல்ல உடைஞ்ச இடம் மணல் திட்டு. மழுங்கின இடம் பள்ளம், அங்க தண்ணி மத்த இடத்தை விட கருப்பச்சையா தெரியும். மீன் நடமாடுற தெரு அதுதான். அந்தத் திட்டு ஏதாவது ஒரு இடத்துல அறுந்திருக்கும், அங்க மட்டும் அலை உடையாது, நுரை கடலைப் பாத்துப் போய்க்கிட்டு இருக்கும், மணல் கலங்கி ஒரு கோடு வெளிய நீண்டு தெரியும். உள்ள வந்து சேந்த தண்ணி திரும்பிப் போற வாசல் அது, கிளறுன இரையெல்லாம் அந்த வழியாதான் போகும், பெரிய மீன் அந்த வாசலோட ஓரத்துல காத்துக்கிட்டு இருக்கும்.

ஓரத்துலன்னு சொன்னேன், நடுவுல இல்ல. நடு ஓட்டத்துல நின்னா மீனுக்கும் சக்தி வீண். வேகமான தண்ணியும் மெதுவான தண்ணியும் உரசுற கோட்டுல, மெதுவான பக்கம் நின்னுக்கிட்டு வேகமான பக்கம் போற இரையை எட்டிக் கவ்வும். கடல்ல எந்த இடத்துக்குப் போனாலும் இந்த ஒரு விஷயம் மாறாது, பாறையா இருந்தாலும் பாலத் தூணா இருந்தாலும் முகத்துவாரமா இருந்தாலும் சரி.

இன்னொரு உண்மை, நிறைய பேருக்கு நம்பிக்கை வராது: தூரமா வீசுறது எப்பவும் நல்லதில்ல. விடியல்ல கிழங்கான், சின்னப் பாறை, சில சமயம் பெரிய காலா கூட கரையிலேந்து இருபது மீட்டருக்குள்ள முதல் பள்ளத்துல மேயும், நீங்க நூறு மீட்டர் வீசி அதோட தலைக்கு மேல ஈயத்தை அனுப்பிட்டு காத்துக்கிட்டு இருப்பீங்க. இடுப்பளவு தண்ணில இறங்கி நின்னு வீசுறதும் அப்படித்தான், மீன் நிக்கிற இடத்துல நீங்க நிக்கிறீங்க. முதல் வீச்சு கிட்டக்க, அடுத்தது கொஞ்சம் தள்ளி, அப்புறம் திட்டுக்கு அந்தப் பக்கம், இப்படி விரிச்சுக்கிட்டே போங்க.

வத்தம் அடியோட இறங்கின நேரத்துல ஒரு தடவை வந்து பள்ளம், திட்டு, கிடக்கிற பாறை எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி தெரியுற மரத்தையோ கட்டடத்தையோ சேத்து எடுத்தா அடையாளம் சுலபம். பெரிய அலை ஓய்ஞ்சப்புறம் மறுபடி பாருங்க, மணல் இடம் மாறியிருக்கும்.

முகத்துவாரம்

ஆறோ காயலோ கடல்ல சேருற வாயில இறக்கம்தான் ராஜா. உள்ள மேஞ்சுக்கிட்டு இருந்த மடவைக் குஞ்சு, இறால், நண்டு எல்லாம் தண்ணியோட வெளிய இழுத்துட்டு வரும், வெளிய கொடுவா, பாறை, ஊழி எல்லாம் வரிசையா காத்திருக்கும். இறக்கம் பாதி ஆனதும் போய் நில்லுங்க. உள்ளேந்து வர கலங்கல் தண்ணியும் வெளிய இருக்கிற பச்சைத் தண்ணியும் சந்திக்கிற இடத்துல ஒரு கோடு தெரியும், நுரையும் இலைதழையும் அந்தக் கோட்டுல வரிசையா மிதக்கும். இரையை ஓட்டத்துக்கு மேல் பக்கமா போட்டு, அதுவா இழுத்துக்கிட்டுப் போய் அந்தக் கோட்டைத் தாண்டுற மாதிரி விடுங்க. ஓட்டத்துக்கு எதிரா சுத்தி இழுத்தா மீன் சந்தேகப்படும், ஏன்னா எந்தக் குட்டி மீனும் அந்த வேகத்தை எதிர்த்து நீந்தி வராது.

ஏத்தம் உள்ள வரப்போ அதே மீன் உள்ள போகும், சதுப்பு ஓரம், சின்ன ஓடை வாய், பாலத்தடின்னு பிரிஞ்சு நிக்கும். ராத்திரில பால விளக்கு தண்ணில விழுந்து வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற கோடு இருக்கு பாருங்க, பெரிய மீன் நிழல் பக்கம் தலையை ஓட்டத்துக்கு எதிரா வச்சு நிக்கும். வெளிச்சத்துல லூரைப் போட்டு நிழலுக்குள்ள வர விடுங்க.

பெரு மழைக்கு அப்புறம் எல்லாரும் தண்ணி கலங்கிடுச்சுன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க. நல்ல தண்ணி உப்புத் தண்ணியை விட லேசு, அதனால கலங்கல் மேல மட்டும் ஓடி அடியில உப்புத் தண்ணி தெளிவா இருக்கிறதும் உண்டு, ஆழமான இடத்துல ஈயத்தைப் போட்டு அடியிலயே பாருங்க. இல்லன்னா கலங்கலோட வெளி விளிம்பைத் தேடிப் போங்க.

வெயில், குளிர்

தண்ணி சூடாக சூடாக அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் குறையும், கடல் தண்ணியில 20 டிகிரில லிட்டருக்கு சுமார் 7.4 மில்லிகிராம், 30 டிகிரில 6.2 தான். அதனால கோடை மதியத்துல ஆழம் கம்மியான இடத்துல மீன் சும்மா கிடக்கும். விடியல், ராத்திரி, இல்லன்னா ஆழமும் ஓட்டமும் இருக்கிற இடம். இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, ஓட்டமே இல்லாத பாசி நிறைஞ்ச காயல்ல விடியலுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்ப கம்மி, ராத்திரி பூரா பாசியும் மூச்சு விட்டு தீத்திருக்கும். அங்க விடியல்ல ஒண்ணும் ஏறலன்னா வெயில் ஏறி ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க.

குளிர்காலத்துக்கு இது தலைகீழ். வெது தண்ணிக்குப் பழகின மீன் சட்டுனு வர குளிரைத் தாங்காது, 2010 ஜனவரில புளோரிடாவுல அடிச்ச குளிர்ல ஸ்னூக் மீன் கூட்டங்கூட்டமா செத்து மிதந்துச்சு. அந்த மாதிரி நாள்ல விடியல்ல போறது வீண், மதியத்துக்கு மேல வெயில் பட்டு சூடேறின கருஞ்சேத்து அடி, ஆழமான குழி, இதுதான் இடம். லூரை வழக்கத்தை விட பாதி வேகத்துல இழுங்க, குளிர்ல மீன் துரத்தாது, வாய் முன்னாடி வந்தா மட்டும் கவ்வும்.

சீசன் மாறுற நேரத்துல இரை மீன் கூட்டம் கரையோரமா நகரும். புளோரிடாவோட கிழக்குக் கரையில செப்டம்பர், அக்டோபர்ல மடவைக் கூட்டம் தெக்கு நோக்கிப் போகும், தென்னாப்பிரிக்காவோட குவாசுலு-நடால் கரையில மே முதல் ஜூலை வரைக்கும் மத்திக் கூட்டம் வரும். எந்தக் கரையா இருந்தாலும் இப்படி ஒரு ஓட்டம் இருக்கும், ஆலா பறவை தலைகீழா குத்துற இடத்தைப் பாத்தா தெரிஞ்சிடும். கூட்டத்தோட நடுவுல போடாதீங்க, ஆயிரம் இரைல உங்களோடது ஒண்ணாதான் இருக்கும். ஓரத்துலயோ அடியிலயோ தனியா தடுமாறுற மாதிரி போடணும்.

சாமான்

இதை சீக்கிரம் முடிச்சிடலாம். மணல் கரைக்கு 10லேந்து 12 அடி ராடு, 5000, 6000 சைஸ் ரீல். முகத்துவாரம், பாலத்தடிக்கு 7, 8 அடி ராடும் 4000 ரீலும் போதும். 20, 30 பவுண்டு (நரம்பு தாங்குற பலம்) பிரெய்டு, அதாவது பின்னின நூல், அதுக்கு முன்னாடி 40 பவுண்டு நரம்பு லீடர், அதாவது முனையில கட்டுற தடிச்ச துண்டு, ஏன்னா பிரெய்டு பாறைலயும் சிப்பிலயும் உரசினா சட்டுனு அறுந்துடும். கனமான ஈயத்தை முழு பலத்தோட வீசுறதா இருந்தா 28 கிராமுக்கு 10 பவுண்டுங்கிற கணக்குல லீடர் கட்டுங்க, அதாவது 110 கிராம் ஈயத்துக்கு 40 பவுண்டு. வீசுறப்போ அறுந்து பறக்கிற ஈயம் பக்கத்துல நிக்கிறவர் மண்டையைப் பதம் பாத்துடும். வீசும்போது லீடர் ரீல்ல நாலஞ்சு சுத்து இருக்கிற நீளம் வேணும். பிரெய்டையும் லீடரையும் சேக்க எஃப்ஜி நாட்டுங்கிற முடிச்சு நல்லது, இருட்டுல கை வரலன்னா டபுள் யூனி முடிச்சு போடுங்க. எந்த முடிச்சா இருந்தாலும் இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தடவுங்க, காஞ்ச நரம்பை இழுத்து இறுக்கினா சூட்டுல பலம் போயிடும்.

வஞ்சிரம், ஊழி மாதிரி பல்லு மீனு இருந்தா அரை அடி வயர் போட்டே ஆகணும். மத்த நேரத்துல வயர் வேண்டாம், தெளிஞ்ச தண்ணில கடி குறையும்.

இரையும் முள்ளும்

ஓடுற ஈயம்தான் நான் எல்லாத்துக்கும் சொல்லுவேன்: மெயின் நரம்புல ஈயம் நழுவுற மாதிரி விட்டு, அதுக்குக் கீழ ஒரு பாசிமணி, ஸ்விவல் (சுழலுற வளையம்), அப்புறம் முள்ளுக்குன்னு தனியா ஒன்றரை அடி லீடர் (வீசுறதுக்குக் கட்டுற நீள லீடர் இல்ல), முள்ளு. மீன் எடுத்துட்டு ஓடினா ஈயத்தோட கனம் அதுக்குத் தெரியாது. ஓட்டம் வேகமா இருந்தா லீடரைக் குறைங்க, நீளமா இருந்தா சுத்திக்கும். ஈயம் உருண்டை வேண்டாம், கூம்பு மாதிரி பிரமிட் ஈயமோ கம்பி நீட்டினதோ இருந்தாதான் மணல்ல நிக்கும்.

உயிர் இறால் கிடைச்சா அதை மிஞ்சின இரை இல்ல. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தா தலை ஓட்டுக்குள்ள ஒரு கருப்புப் பொட்டு தெரியும். அதுக்கு முன்னாடி, கொம்புக்குக் கீழ, முள்ளைக் குறுக்கா ஏத்தி மறுபக்கம் எடுங்க. பொட்டுல பட்டா இறால் அங்கயே செத்துடும், படலன்னா அரை மணி நேரம் துள்ளிக்கிட்டு இருக்கும். செத்த இறால்னா வால் செதிலைக் கிள்ளிட்டு வால்லேந்து உள்ள நுழைச்சு நேரா கோத்து முள்ளு நுனியை வயித்துப் பக்கம் வெளிய எடுத்துடணும், வளைஞ்சு கிடந்தா தண்ணில பம்பரமா சுத்தி லீடரைத் திருகிடும். உயிர் மடவைக்கு ஓட்டம் இருக்கிற இடத்துல மேல் உதட்டுல குத்துங்க, ஓட்டம் இல்லாத இடத்துல முதுகுத் துடுப்புக்குக் கொஞ்சம் பின்னாடி, முதுகெலும்பைத் தொடாம.

சர்க்கிள் ஹூக் (நுனி உள்பக்கமா வளைஞ்ச வட்ட முள்ளு) போட்டா ரெண்டு விஷயம். முள்ளு நுனி இரைக்குள்ள புதையாம வெளிய நிக்கணும். கடி வந்ததும் வெட்டி இழுக்கக் கூடாது, பழக்க தோஷத்துல கை துடிக்கும், அடக்கிக்கங்க. நரம்பு இறுகி ராடு வளையட்டும், மெதுவா சுத்துங்க, முள்ளு தானா உதட்டு ஓரத்துல மாட்டிக்கும். வெட்டினா வாய்லேந்து நழுவி வெளிய வந்துடும். 

லூர்ல ஆயிரம் வகை இருக்கு, ஆரம்பத்துக்கு மூணு போதும்: 30, 40 கிராம் மெட்டல் ஜிக் (கனமான உலோகத் துண்டு), நாலு இஞ்ச் சாஃப்ட் பிளாஸ்டிக் (மெத்துனு இருக்கிற ரப்பர் மீன்), ஒரு பாப்பர் (தண்ணி மேல சத்தம் போட்டு வரது). தூரமும் எதிர்க்காத்தும்னா மெட்டல், வேகமா சுத்துங்க, பாறையும் வஞ்சிரமும் வேகத்தைத்தான் துரத்தும். முகத்துவாரத்துல சாஃப்ட் பிளாஸ்டிக், ஜிக் ஹெட் (அதை மாட்டுற ஈயத் தலை முள்ளு) கனம் தரையைத் தொட்டு தொட்டு வர அளவுக்கு மட்டும். ராடை ரெண்டு தடவை தூக்கி விட்டுட்டு நரம்பைப் பாருங்க, அது கீழ இறங்குறப்போ நடுவுலயே நின்னுடுச்சுன்னா தரை இல்ல, மீன் வாய்ல இருக்கு. கொடுவா பெரும்பாலும் இறங்குறப்போதான் எடுக்கும். பாப்பர் விடியல்லயும் பொழுது சாயுறப்போவும், அலை அடங்கின தண்ணில.

தரையைக் கையால உணரக் கத்துக்கங்க. ஈயம் விழுந்ததும் மெதுவா இழுத்துப் பாத்தா மணல்ல சர்ருனு வழுக்கி வரும், சேத்துல புதைஞ்சு விடுபடும், பாறைல டொக் டொக்குனு தட்டும். மணல்லேந்து பாறைக்கு மாறுற அந்த ஓரத்துல நிறுத்துங்க, செப்பிலியும் களவாவும் அங்கதான்.

மாட்டினப்புறம்

டிராக் (மீன் இழுத்தா ரீல் நரம்பை விடுற இறுக்கம்) நரம்போட பலத்துல கால் பங்குலேந்து 30 சதவீதம் வரைக்கும் வச்சா சரி, நரம்பு நுனியை ஒரு சின்ன தராசுக் கொக்கில மாட்டி இழுத்துப் பாத்தே வச்சுக்கலாம். களவா மாட்டினா மட்டும் முதல் சில செகண்டு இடமே கொடுக்காதீங்க, பொந்துக்குள்ள போச்சுன்னா அவ்வளவுதான். பாறை, வஞ்சிரம் ஓடினா ஓடட்டும். கரைக்கு இழுக்கிறப்போ பின்வாங்குற அலையை எதிர்த்து இழுத்தா முள்ளு கிழிச்சிடும், அலை கடலுக்குப் போறப்போ கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடுத்த அலை உள்ள வரப்போ அதோடயே சேத்து மணல் மேல ஏத்திடுங்க.

சின்ன மீனையும் சினை மீனையும் விட்டுடுங்க, உங்க கரைல என்ன அளவு, எந்த மாசம் தடைன்னு விசாரிச்சுக்கங்க. விடுறதா இருந்தா கையை நனைச்சுட்டுத் தொடணும், சுடுமணல்ல போட்டுப் புரட்டக் கூடாது, சூடான தண்ணில மீன் சீக்கிரம் களைச்சுடும், அதனால நீளமா விளையாட்டு காட்டாம சீக்கிரம் ஏத்தி சீக்கிரம் விடுங்க. வச்சுக்கிறதா இருந்தா உடனே ஐஸ். வஞ்சிரம், சூரை மாதிரி மீனை வெயில்ல போட்டு வச்சா அதுல ஹிஸ்டமின் சேரும், அப்புறம் எவ்வளவு வேக வச்சாலும் போகாது. பேத்தை ஏறினா சாப்பிடவே கூடாது, அதோட விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது. பவளப்பாறை உள்ள கரையா இருந்தா ரொம்பப் பெரிய ஊழியையும் களவாவையும் தவிர்க்கிறது நல்லது, சிகுவாடெரா விஷம் ருசிலயும் வாடைலயும் தெரியாது.

கெளுத்தியைப் பிடிக்கிறப்போ முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு நிமிந்து நிக்கும், பிளையர் இல்லாம தொடாதீங்க. திருக்கை இருக்கிற கரையில தண்ணிக்குள்ள காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேச்சுக்கிட்டே நடந்தா அது விலகிடும். ரெண்டுல எது குத்தினாலும் தாங்குற அளவு சூடான தண்ணில, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணியிலேந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வச்சா வலி இறங்கும், சூட்டை குத்தாத கையால தொட்டுப் பாத்துக்கங்க. முள்ளு உள்ள ஒடிஞ்சிருந்தாலோ நெஞ்சு, வயித்துல குத்தியிருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி, நீங்களா பிடுங்காதீங்க.

மேல சொன்ன அந்த வாசல் ஓட்டம், மணல் திட்டு அறுந்த இடத்துல கடலைப் பாத்துப் போறது, மீனுக்கு நல்லது, உங்களுக்கு இல்ல. அதுல மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாதீங்க, மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி உதவி கேளுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா நீந்தி வெளிய வந்துடுங்க. பாறை மேல நிக்கிறதா இருந்தா லைஃப் ஜாக்கெட் போடுங்க, ஏறுறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் தள்ளி நின்னு அலையைப் பாருங்க, பாறை நனைஞ்சிருந்தா அது வரைக்கும் அலை வருதுன்னுதான் அர்த்தம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 செகண்டுக்குள்ள இருந்தா ராடைக் கீழ போட்டுட்டு கார்லயோ கட்டடத்துலயோ போய் உக்காருங்க, கார்பன் ராடுல மின்சாரம் நல்லா பாயும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் திரும்ப வரணும்.

வீட்டுக்கு வந்ததும் ரீலோட டிராக்கை இறுக்கி வச்சுட்டு நல்ல தண்ணியை லேசா மேல ஊத்திக் கழுவுங்க, பைப்பை வேகமா பீச்சி அடிச்சா உப்பு உள்ள பேரிங் வரைக்கும் போயிடும். துடைச்சு நிழல்ல காய வச்சப்புறம் டிராக்கைத் தளர்த்தி வைங்க, லீடரோட கடைசி ரெண்டு அடியை விரல் நகத்தால தடவிப் பாத்து சொரசொரன்னு இருந்தா வெட்டிப் போட்டுட்டு புதுசா கட்டுங்க.